செத்தல் நாற்பது

மிளகாய்க் கடைக்குள் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து வைத்தால் மனிதர்கள்தான் தும்முவார்கள் என்று நவரட்ணராஜா நினைத்திருந்தான். ஒரு மாதத்துக்குள் கொம்பியூட்டரே தும்ம ஆரம்பித்துவிட்டது. உள்ளே இருந்த சின்ன விசிறி கரகரவென்று இழுக்கும், நிற்கும், மறுபடியும் இழுக்கும். மூடியைக் கழற்றினால் பூசிவிட்டதுபோலச் சிவப்புத் தூள். மாமியார் பரிமளம் தன்னுடைய பழைய ஊதாச் சேலையைக் கிழித்து அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு அது கல்லாப் பக்கத்து மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புதுப்பெண்ணைப்போல இருந்தது.

"யாழ்ப்பாணத்து மாப்ளைங்க சீதனம் வாங்கிட்டுத்தான் போவாங்கன்னு சொல்வாங்க. நம்ம மாப்ள கொண்டாந்திருக்காரு பாருங்க" என்று மாமனார் தியாகராஜா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். "சோறு கேக்காது. கரண்டு மட்டும் குடுத்தா போதும். வேலையும் செய்யாது."

கண்டி மார்க்கட்டுக்குப் பின்புறம், குட்ஷெட் பஸ் நிலையத்தை நோக்கி இறங்கும் சந்தில் இருந்தது கடை. காய்ந்த மிளகாய், மல்லி, மிளகு, மஞ்சள், கருவாடு. மொத்த வியாபாரம். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்து, அதே இடத்தில் தியாகராஜா மறுபடி எழுப்பிய கடை. பின்சுவருக்கு எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மழைக்காலத்தில் பழைய கரி கசிந்து மேலே வரும். அந்தச் சுவரை மறைத்துத்தான் மல்லி மூட்டைகளை அடுக்குவார்கள்.

நவம் என்று எல்லாரும் கூப்பிடும் நவரட்ணராஜா கண்டியில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்த வந்தவன். தியாகராஜாவின் மகள் ராஜி என்ற இராஜகுமாரி அங்கே படிக்கப் போனவள். படிப்பு முடிந்த பிறகும் அவள் போய்க்கொண்டிருந்ததில்தான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. "வடக்கத்தி ஆளுக்கு நம்மள கண்டா எளக்காரம்மா" என்று தியாகராஜா ஆறு மாதம் மறுத்தார். கடைசியில் கல்யாணத்தை அவரே நன்றாகத்தான் நடத்தி வைத்தார். மாப்பிள்ளை வகுப்பை விட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்வான் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்களின் சில்லறைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். மலைநாட்டில் புதிதாகக் கிளைகள் திறக்கும் ஒரு சுப்பர் மார்க்கட் கொம்பனி, மிளகாயும் மல்லியும் தர ஆள் தேடிக்கொண்டிருந்தது. நவம் போய்ப் பேசினான். அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். சரக்கு எவ்வளவு இருக்கிறது, வருகிற சரக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்று தினமும் மாலை ஆறு மணிக்குச் செய்தி வரவேண்டும். இரண்டு மாதம் தவறாமல் வந்தால் நிரந்தரமாக எடுப்பார்கள்.

"எங்க நிக்கும்? ரோட்டுல நிக்கும்" என்றார் தியாகராஜா. "லொறி வந்தா பஹ்மி ஹார்ன் அடிப்பான். சின்னமுத்து மூட்டை எறக்க தலைத்துண்ட உதறிக்கிட்டு ஓடுவான். நான் கடை தொறந்த நாள்ல இருந்து இப்படித்தான் மாப்ள."

"எந்த ரோட்டில மாமா? போன கிழமை ஆமிக்காரர் வழியில மறிச்சு ஒரு பகல் முழுக்க லொறியை நிப்பாட்டி வச்சிருந்தவங்கள். கொம்பனிக்காரர் எடுத்துக் கேட்டால் என்ன சொல்லுறது? ஹார்ன் இன்னும் கேக்கேல்ல எண்டு சொல்லட்டோ?"

ராஜி சிரித்துவிட்டாள். தியாகராஜா மகளை ஒரு பார்வை பார்த்தார். அன்று மத்தியானம் அவர் இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொள்ளவில்லை.

இருந்தாலும் அவர் தடுக்கவில்லை. மடவளையைச் சேர்ந்த பஹ்மிதான் வெகுகாலமாகக் கொழும்பிலிருந்து அவருக்குச் சரக்கு ஏற்றி வருபவன். சொந்த லொறி, பெரிய உடம்பு, ஓயாத வாய். அந்த வாயில் 'சொல்' எப்போதும் 'செல்'தான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊர் தாண்டும்போதெல்லாம் கையடக்கத் தொலைபேசியில் எப்படிச் செய்தி அனுப்புவது என்று நவம் சொல்லிக்கொடுத்தான். அண்ணன் முறைக்கு அவனை நானா என்றே கூப்பிட்டான்.

"தம்பி, எனக்கு ஸ்டியரிங்க புடிக்கச் செல்லுங்க, மலையிலயும் புடிக்கிறன். இந்தச் சின்னப் பித்தான்கள அமத்தச் செல்லாதீங்க. ஒண்ட அமத்தினா மூணு வருகுது."

"பேருக்கு ஆறு எழுத்துத்தான் நானா. சாமான்ர பேர், எத்தனை மூட்டை, எந்த ஊர் தாண்டியாச்சு, எத்தனை மணிக்குக் கண்டி. அவ்வளவுதான்."

பஹ்மியின் தொலைபேசியில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும். நவம் எழுதிய கொம்பியூட்டர் நிரலிலும் சாமான் பெயருக்கு ஆறு எழுத்துக்குத்தான் இடம். தொல்லை அங்கேதான் தொடங்கியது. ஆறே ஆங்கில எழுத்துக்குள் அடக்கினால் மிளகுக்கும் மிளகாய்க்கும் கடைசி எழுத்து ஒன்றில்தான் வித்தியாசம். பஹ்மியின் தடித்த விரல் ஒரு நாள் அந்த ஒற்றை எழுத்தைத் தவறாக அமத்த, அந்தச் செய்தியை நம்பி மிளகுக்காகக் காத்திருந்த கிளைக்கு மிளகாய் மூட்டைகள் போய் இறங்கின. கொம்பனியின் கொள்முதல் அதிகாரி சிரித்தபடியேதான் பேசினார். ஆனால் இன்னொரு முறை இப்படி நடக்கக் கூடாது என்றார்.

அன்று மாலையே நவம் மிளகாயின் பெயரை மாற்றினான். யாழ்ப்பாணத்தில் அவனுடைய வீட்டில் காய்ந்த மிளகாயை யாரும் மிளகாய் என்று சொல்வதில்லை. செத்தல் என்றால் போதும். 'செத்தல் வறுத்தாச்சோ', 'செத்தல் காயப்போடு' என்றுதான் அம்மா பேசுவாள். ஆங்கில எழுத்தில் சரியாக ஆறு. மிளகோடு குழம்பாது. இதை முதலிலேயே யோசிக்கவில்லையே என்று அவன் தன் தலையில் தானே தட்டிக்கொண்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தியாகராஜா லட்சுமி படத்துக்கு மணியடித்துச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். நவம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சின்னமுத்து அண்ணை, செத்தல் எத்தினை கிடக்கு?"

தியாகராஜாவின் கையில் மணி நின்றுவிட்டது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, சாமி படத்துக்கு முன்னுக்கு நின்னு செத்தது எத்தனைன்னு கேக்கறீங்களே மாப்ள! நல்லா இருக்கா இது?"

"மாமா, அது மிளகாய்தானே. பேப்பரில விலை போடேக்கையும் செத்தல் மிளகாய் எண்டுதானே போடுறவங்கள்."

"பேப்பர்ல என்னத்தையும் போடுவான். மொளகாயோட சேத்துப் போட்டா சரி. நீங்க மொளகாய கழட்டிட்டு மத்தத மட்டும் வச்சிருக்கீங்க. எங்க வாய்ல அது காஞ்ச மொளகா. இந்தக் கடை ஒருக்கா செத்துப் பொழைச்சது. இன்னொருக்கா அந்த வார்த்தை இங்க வேணாம்."

கொம்பியூட்டரில் பெயர் மாறவில்லை. தியாகராஜாவும் மாறவில்லை. அது அன்றாட விளையாட்டாகிப் போனது. நவம் கேட்பான். "இங்க எல்லாம் உசுரோடதான் இருக்குங்க" என்பார் மாமனார். மூட்டை சுமக்கும் சின்னமுத்து எந்தப் பக்கமும் சாயாமல், "சிவப்புச் சாக்கு இருபதுங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான். இரண்டு மாதம் முடிய இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. ஒரு நாளும் செய்தி தவறவில்லை. "பாத்தீங்களாப்பா, அவரு செஞ்சு காட்டிட்டாரு" என்று ராஜி சொன்னபோது, "முடியட்டும், சொல்றேன்" என்றார் தியாகராஜா. பாராட்டுகிற குரல் அல்ல. திட்டுகிற குரலும் அல்ல.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசி அது. வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்தது. இங்கே பஸ்ஸில் ஒரு பை தனியாகக் கிடந்தால் எல்லாரும் இறங்கி ஓடினார்கள். மலையில் பிற்பகல் தொட்டே தூறிக்கொண்டிருந்தது. பரிமளம் பாணும் கட்டச்சம்பலும் கொடுத்தனுப்பியிருந்தாள். ராஜி பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தபோது நவத்தின் தொலைபேசி முனகியது. பஹ்மியின் செய்தி.

செத்தல் நாற்பது. கடுகண்ணாவை தாண்டியாச்சு. ஆறு மணிக்குக் கண்டி.

"நானா இண்டைக்குப் பிழையில்லாமல் அடிச்சிருக்கிறார்" என்று நவம் சந்தோஷமாகச் சொன்னான். செய்தியைக் கொம்பியூட்டரில் ஏற்றிவிட்டு, விசிறியில் படிந்த தூளை ஊத ஒரு குழாயைத் தேடிப் பின்பக்கம் போனான்.

சிறிது நேரத்தில் கல்லாவில் இருந்த கடைத் தொலைபேசி அடித்தது. தியாகராஜா எடுத்தார். பழக்கமில்லாத ஆண் குரல். தமிழ்தான், சற்று இழுத்துப் பேசும் தமிழ்.

"ஒங்க கடையில செத்தல் எத்தனை இருக்கு?"

தியாகராஜாவுக்கு உச்சி கொதித்தது. மருமகனுடைய வகுப்புக் கூட்டாளிகள் பகிடி விடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"செத்தலாவது ஒண்ணாவது! அப்படி ஒரு சாமானே நம்ம கடையில கெடையாது. செத்தது எத்தனைன்னு தெரியணும்னா எங்க மாப்ள நவரட்ணராஜாகிட்ட கேளுங்க. அந்தக் கணக்கெல்லாம் அவருதான் வச்சிருக்காரு."

சொல்லிவிட்டு ரிசீவரை டொக்கென்று வைத்தார். வெகுநாளாக நெஞ்சில் இருந்ததை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அந்தச் சுகத்தில் ராஜி ஊற்றிவைத்த பிளேன்ரீயை ஒரே மூச்சில் குடித்தார்.

ஜீப் வந்தபோது ஆறு மணி ஆகவில்லை. நான்கு பொலிஸ்காரர்கள். நவத்தின் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார்கள். தொலைபேசியையும் எடுத்துக்கொண்டார்கள். சந்தில் இருந்த கடைக்காரர்கள் கதவுப் பலகைகளைச் சத்தமில்லாமல் பாதி மூடினார்கள்.

"ராஜி, கொம்பியூட்டரை நிப்பாட்டாதை" என்றான் நவம். அவன் ஏற்கெனவே ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தான். "ஆறு மணிக்குக் கொம்பனிக்கு அனுப்பவேணும். நான் இப்ப வந்திடுவன்."

அவனுடைய தொலைபேசியில்தான் செய்தி அனுப்ப வேண்டும். அது பொலிஸ்காரர் கையில் இருந்தது. அவனுக்கு அது நினைவு வரவில்லை. ராஜிக்கு வந்தது. ஆனால் ஜீப் போய்விட்டது.

பஹ்மியின் லொறியில் கூட வந்த பையனைச் சோதனைச் சாவடியில் விட்டுவிட்டார்கள். அவன் மழையில் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னான். வரிசையில் நிற்கும்போது பஹ்மி தொலைபேசியில் எதையோ அடிப்பதை ஒரு சிப்பாய் கண்டிருக்கிறான். தமிழ் தெரிந்த சார்ஜன் ஒருவர் வாசித்துச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். 'நாற்பது பேர் செத்தது. ஆறு மணிக்குக் கண்டி.' அது மிளகாய் என்று பஹ்மி கத்தியிருக்கிறான். அப்படியென்றால் ஏன் மிளகாய் என்று எழுதவில்லை என்று கேட்டு, கடைக்கு போன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"கடையில அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களாம்" என்றான் பையன்.

ராஜி மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா, போன் வந்திச்சே. என்ன சொன்னீங்க?"

தியாகராஜா வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. அடுத்தடுத்துத் தும்மினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமல், தான் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் மகளிடம் சொன்னார்.

"எம் புருஷன் செத்தவங்க கணக்கு வச்சிருக்காருன்னு பொலிசுக்குச் சொல்லியிருக்கீங்க" என்றாள் ராஜி. அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் ஒரு பையில் காய்ந்த மிளகாயை வாரி நிறைத்தார். உடுத்தியிருந்த சாரத்தை மாற்றக்கூட நினைக்கவில்லை. இருவரும் திரீவீலரில் ஏறினார்கள்.

பொலிஸ் நிலையத்து வாங்கில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பெயர் பதிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் மேசைக்குப் பக்கத்தில் அந்தச் சார்ஜன் நின்றார். தேயிலைத் தோட்டப் பக்கம் வளர்ந்தவர். அதனால்தான் தியாகராஜாவின் தமிழ் அவருக்கும் வாய்த்திருந்தது.

"ஐயா, இதுதாங்க அது" என்று தியாகராஜா பையைத் திறந்து காட்டினார். "செத்தல். சிங்களத்துல வேலிச்ச மிரிஸ்."

"இது காஞ்ச மொளகா" என்றார் சார்ஜன். "நான் சின்னதுல இருந்து தமிழாளுங்களோட பழகினவன். இத யாரும் செத்தல்னு சொல்லிக் கேட்டதில்ல. ஒங்க கடையில அப்படிச் சொல்றதுண்டா?"

ஆமாம் என்று சொன்னால் போனில் சொன்னது பொய். இல்லை என்று சொன்னால் மருமகன் சொன்னது பொய். தியாகராஜா மகளைப் பார்த்தார். ராஜி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றதுங்க ஐயா. தெனமும் சொல்றது. எனக்குத்தான் புடிக்காது. வீட்டுக்குள்ள வந்த மாப்ள, நம்ம வாய்ல இருக்கற பேர மாத்துறாரேன்னு கோவம். அந்தக் கோவத்துலதான் போன்ல அப்படிப் பேசிட்டேன். யாரோ பகிடி விடறாங்கன்னு நெனச்சேன்."

சார்ஜன் இதைச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் நம்பாமல் சிரித்தார். நாடு இருக்கிற நிலையில் மிளகாய்ப் பெயருக்கு மாமனும் மருமகனும் சண்டை பிடிப்பார்களா என்று கேட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "ஹதலிஹக் மெரிலா, ஹயட நுவர" என்று அந்தச் செய்தியை மறுபடி ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். சிங்களத்தில் அது இன்னும் மோசமாக ஒலித்தது.

ராஜிதான் சட்டென்று சொன்னாள். "வாங்குல இருக்கறவங்ககிட்ட கேளுங்க சேர். யாழ்ப்பாணத்து ஆளுங்க யார்கிட்ட வேணும்னாலும். நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

சார்ஜன் மிளகாய்ப் பையைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டு வாங்கின் பக்கம் போனார். ஓரத்தில், மடியில் குடையோடு ஓர் அம்மா இருந்தார். கண்டிப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துத் திரேசா டீச்சர். ஒவ்வொரு தடவை அறை மாறும்போதும் பதிய வந்து அலுத்துப்போனவர்.

"டீச்சர், செத்தல்னா என்ன?"

"செத்தலோ?" டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மிளகாய்தான். வறுத்து இடிச்சால் தூள். ஏன், பதியிறதோட இப்ப செத்தலும் விக்கிறியளோ? விலை குறைவெண்டால் எனக்கும் அரைக் கிலோ தாங்கோ. நல்ல சிவப்பாய்ப் பாத்து."

வாங்கில் யாரோ சிரித்தார்கள். சார்ஜனும் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து உடைத்து முகர்ந்தார், தும்மினார். எல்லாம் முடிந்தது என்றுதான் தியாகராஜா நினைத்தார்.

ஆனால் மேலிடத்துக்குத் தகவல் போய்விட்டது. மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை விட முடியாது. நவமும் பஹ்மியும் மறுநாள் இருட்டிய பிறகுதான் வெளியே வந்தார்கள். இன்ஸ்பெக்டர் கைகொடுத்து அனுப்பினார். இனிமேல் அந்தச் சொல்லை மட்டும் தொலைபேசியில் பாவிக்க வேண்டாம் என்று அன்பாகச் சொன்னார்.

லொறி சாவடி முற்றத்தில் நின்றது. சோதிப்பதற்காகத் தார்ப்பாயை விலக்கியவர்கள் மூடாமல் விட்டிருந்தார்கள். மூட்டைகளைக் கத்தியால் குத்திப் பார்த்திருந்தார்கள். இரவெல்லாம் பெய்த மழை முழுவதும் மிளகாய்க்குள் இறங்கியிருந்தது.

கொம்பனியின் கொள்முதல் அதிகாரியும் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு மாலை செய்தி வரவில்லை, சரக்கும் வரவில்லை, கிளைகளின் தட்டுகள் காலியாக இருந்தன, அதனால் வேறொருவரிடம் எடுத்துவிட்டோம் என்றார்.

"சேர், பொலிஸ் பிடிச்சு வச்சிருந்தது" என்றான் நவம்.

"விளங்குது. ஆனால் ஒரு சின்ன மெசேஜ்தானே நாங்கள் கேட்டது."

"அந்த மெசேஜுக்காகத்தான் சேர் பிடிச்சவங்கள்."

 அதிகாரி வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வெயில் வரவில்லை. வீட்டுக் கூடத்திலும் படுக்கை அறையிலும் சாக்கை விரித்து மிளகாயைக் கொட்டினார்கள். பரிமளம் இரும்புச் சட்டியில் கரி மூட்டி நடுவில் வைத்தாள். நல்லதை ஒரு பக்கம், பூஞ்சணம் பிடித்துக் கறுத்ததை ஒரு பக்கம் என்று எல்லாரும் குந்தியிருந்து பொறுக்கினார்கள். கறுத்த குவியல்தான் வளர்ந்துகொண்டு போனது. கை எரிந்தது. அந்தக் கையால் யாரும் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

"மாமா, நான் மிளகாய் எண்டே விட்டிருக்கலாம்" என்றான் நவம் ஒரு தடவை.

தியாகராஜா பொறுக்குவதை நிறுத்தினார். தன் பக்கத்தில் இருந்த நல்ல மிளகாய்களை அள்ளி மருமகனின் குவியலில் போட்டார்.

கொம்பியூட்டர் மட்டும் உறைக்குள்ளேயே கிடந்தது. நவம் அந்த மூலைப் பக்கம் போகவில்லை. அடுத்த கிழமை தியாகராஜாதான் ஒரு காலை கடை திறந்ததும் சேலை உறையை எடுத்து உதறினார். எந்தப் பித்தானை அமத்துவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து மருமகன் இருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"ஒக்காருங்க மாப்ள. ஒரே ஒரு கொம்பனிதான் இருக்கா ஒலகத்துல?"

நவம் உட்காரவில்லை. மாமனார் ரிசீவரை எடுத்து பஹ்மிக்கு அடித்தார். கொழும்பில் சரக்கு ஏற்றும் நேரம். மருமகனுக்குக் கேட்கும்படி, தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாகக் கேட்டார்.

"பஹ்மி, செத்தல் எத்தனை ஏத்தியிருக்க?"

நவம் நிமிர்ந்து பார்த்தான். ராஜி கையில் பிளேன்ரீத் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள்.

லொறிச் சத்தத்தை மீறிக்கொண்டு பஹ்மியின் குரல் பதறியது.

"முதலாளி, அல்லாவுக்காகச் செல்றன், போன்ல அந்தச் சொல்ல மட்டும் செல்ல வாணாம்."

"சரி, காஞ்ச மொளகா எத்தனை?"

"அதுவும் வாணாம் முதலாளி. எத்தனை எண்டும் கேக்க வாணாம், எங்க நிக்கிற எண்டும் கேக்க வாணாம். வந்து சேந்தா ஹார்ன் அடிப்பன்."

இணைப்பு அறுந்தது. தியாகராஜா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வருஷக்கணக்காக அவர் வாய் ஓயாமல் சொல்லிவந்த பதில்தான் அது. இன்றைக்கு அதைக் கேட்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஹார்னாம் ஹார்ன்!" என்றார். "என்ன சரக்குன்னு தெரியாம, எங்க நிக்குதுன்னு தெரியாம மனுஷன் எப்படிய்யா யாவாரம் பண்றது?"

நவம் கதிரையில் உட்கார்ந்தான். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. குட்ஷெட் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. சின்னமுத்து தலைத்துண்டை உதறிக்கொண்டு எழுந்து, சற்று நின்று கேட்டுவிட்டு, அது பஸ் என்று மறுபடி குந்திக்கொண்டான்.